எந்தப் புகை பழைய புகை?

குன்னூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் ஒரு டீ ஃபேக்டரியின் புகைபோக்கி தெரியும். கொழுந்து வரத்து கூடிய நாட்களில் விடிவதற்கு முன்பே வெள்ளையும் சாம்பலுமாகப் புகை கிளம்பி, காற்றசைவில்லாத பள்ளத்தாக்கில் போர்வை விரித்ததுபோல் படிந்துகிடக்கும். லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் அதைப் பார்த்துவிட்டு, “மலைக் காத்து, மலைக் காத்துன்னு பெருமை பேசறீங்களே மாமா, இவ்வளவு கார்பனை ஊருக்குள்ள விடறாங்க, யாரும் கேக்க மாட்டாங்களா?” என்றான். அவன் கோவையிலிருந்து ஓட்டிவந்த டீசல் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. கல்லாறு தாண்டியதிலிருந்து பாதி வழி இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு ஏறிய கார். அது விட்ட புகை அவன் கண்ணில் படவில்லை.

கண் ஏமாறுகிற இடம் இதுதான். நாம் புகை என்று பார்ப்பது கரித்துகளும் நீராவியும். பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அந்த ஃபேக்டரி அடுப்பில் எரிவது சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும். பத்து இருபது வருஷமாக இதே காற்றிலிருந்து எடுத்துச் சேர்த்த கரியைத்தான் அந்த மரம் திருப்பிக் கொடுக்கிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர்ந்தால் கணக்கு ஓரளவு நேராகிவிடும். (வளரவிடாமல் வெட்டிக்கொண்டே போனால் நேராகாது, அது வேறு வழக்கு.) டீசலின் கதை அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் புதைந்த நுண்ணுயிர்களின் கரி அது. மனிதன் தோண்டி எடுக்காமல் இருந்தால் இன்னும் பல கோடி ஆண்டுகள் அங்கேயே கிடந்திருக்கும்.

வெளியே வந்த பிறகு இரண்டும் ஒரே வாயு: ஒரு கார்பன் அணு, இரண்டு ஆக்சிஜன் அணு. காற்றில் கலந்துவிட்டால் விறகு எது, டீசல் எது என்று பிரிக்க முடியுமா? முடியும். கார்பனுக்கு வயது உண்டு. அதைக் கேட்டறிய வழியும் உண்டு.

தமிழ்நாட்டில் ‘கார்பன் டேட்டிங்’ என்ற சொல்லை டீக்கடை வரை கொண்டுவந்தது கீழடி. அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள ஓர் ஆய்வகத்துக்குப் போய், கி.மு. 580 என்ற விடையோடு திரும்பியது. 2019-ல் மாநிலத் தொல்லியல் துறை அதை அறிக்கையாக வெளியிட்டபோது எல்லோரும் பேசினோம். காற்றை ஆராய்கிறவர்களும் அதே கார்பன்-14ஐத்தான் (காலப்போக்கில் தானே சிதைந்துபோகும் கதிரியக்கக் கார்பன் வகை) எண்ணுகிறார்கள், கேள்விதான் வேறு. தொல்லியலாளர் கேட்பது, இந்தக் கரிக்கு உயிர் போய் எத்தனை ஆண்டு ஆயிற்று என்று. காற்றாய்வாளர் கேட்பது, இந்தக் காற்றில் உள்ள கார்பனில் எத்தனை பங்கு என்றைக்கோ செத்துப்போனது என்று.

கார்பன்-14 பிறக்கும் இடம் வானத்தில். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதி நியூட்ரான்களைத் தெறிக்கவிடுகின்றன. அந்த நியூட்ரான் ஒரு நைட்ரஜன் அணுவைத் தாக்கினால் அது கார்பன்-14 ஆகிவிடுகிறது. ஊட்டிக்காரர்களுக்கு இது அந்நியச் சங்கதியே அல்ல. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் ஊட்டியில்தான் இருக்கிறது. 2,200 மீட்டர் உயரத்தில், கிரேப்ஸ்-3 என்ற பெயரில், வரிசை வரிசையாகக் கருவிகளைப் பரப்பிவைத்து இந்தக் கதிர்களின் பொழிவை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் துருவங்கள் பக்கம் அதிகம் இறங்கவிடுகிறது, நிலநடுக்கோட்டுப் பக்கம் தடுக்கிறது. அதனால் நம் தலைக்கு மேல் கார்பன்-14 பிறப்பது குறைவுதான். ஆனால் காற்று உலகம் சுற்றுகிற பொருள். எங்கே பிறந்தாலும் கலந்து நம் சோலைக்கும் வந்துசேர்கிறது.

பிறந்த கார்பன்-14 ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகி, இலைக்குள் போய், இலையைத் தின்னும் காட்டெருமைக்குள்ளும் நமக்குள்ளும் போகிறது. உயிரோடிருக்கும் வரை வரவு இருந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும், செலவு மட்டும் தொடரும்: 5,730 ஆண்டுகளில் பாதி, இன்னொரு 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியில் பாதி. ஐம்பதாயிரம் ஆண்டுகள் போனால் எண்ணுவதற்கு ஏதும் மிஞ்சாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் கருப்பு நிலக்கரி, அக்கா மகனின் டீசல், மலை ரயில் இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய் எதிலும் கார்பன்-14 இல்லை. சுத்தமாகப் பூஜ்யம். விறகிலோ இன்றைய காற்றில் இருக்கும் அதே அளவு, சற்று ஏறக்குறைய. இந்த ஒரு வித்தியாசத்தை நம்பித்தான் முழு முறையும் நிற்கிறது.

ஆனால் எண்ணுவது லேசுப்பட்ட வேலையில்லை. காற்றில் லட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. இரண்டு மூன்று லிட்டர் காற்றைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து, அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, கடைசியில் கிராஃபைட்டாக மாற்றினால் ஒரு மில்லிகிராம் கூடத் தேறாது, ஊசிமுனைக் கரி. முழு மில்லிகிராம் கிடைத்ததென்றே வைத்துக்கொள்வோம். அதில் சுமார் ஆறு கோடி கார்பன்-14 அணுக்கள் இருக்கும். அவை சிதைவதைக் கேட்டுத்தான் எண்ண வேண்டுமென்றால் மணிக்கு ஒன்று கூடச் சிதையாது! அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டுத்தான் எண்ணினார்கள். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள் இரண்டு வாரம் தொடர்ந்து காற்றைக் காரக் கரைசல் வழியே செலுத்தி, கன மீட்டர் கணக்கில் வடிகட்டி, கிராம் கணக்கில் கார்பன் சேர்ப்பார்கள். 1970களின் பிற்பகுதியில் முடுக்கி நிறை நிறமாலைமானி என்ற கருவி வந்த பிறகு கதை மாறியது. அணு சிதையும் வரை காத்திருக்க வேண்டாம். அணுக்களையே மின்புலத்தில் வேகமாக ஓடவிட்டு, காந்தத்தால் வளைத்து, எடையைப் பார்த்துத் தனித்தனியாக எண்ணிவிடலாம். ஆயிரத்துக்கு இரண்டு பங்கு பிழைக்குள் விடை வேண்டுமென்றால் இரண்டரை லட்சம் கார்பன்-14 அணுக்களையாவது எண்ண வேண்டும். ஆறு கோடி கையிருப்பில் அது பெரிய காரியமில்லை. இந்த வகைக் கருவிகள் இப்போது டெல்லியிலும் அகமதாபாத்திலும் உண்டு.

புதைபடிவ எரிபொருள் காற்றின் வயதைக் கூட்டுகிறது என்பதை முதலில் கண்டுசொன்னவர் ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர். 1955-ல், இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த மரத்தையும் அதற்கு முந்தைய மரத்தையும் ஒப்பிட்டு, புதிய மரத்தில் கார்பன்-14 குறைந்திருப்பதைக் காட்டினார். பாலில் தண்ணீர் ஊற்றினால் பாலின் அளவு கூடும், பால்தன்மை குறையும். நிலக்கரி யுகம் காற்றுக்குச் செய்தது அதைத்தான். இன்றும் இதற்கு சூயஸ் விளைவு என்றுதான் பெயர்.

அவர் சொல்லிமுடிக்கும் முன்பே இன்னொரு கூத்து நடந்தது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் நியூட்ரான்கள் கொட்டி, வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1963-ல் வளிமண்டலச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த பிறகு ஏற்றம் நின்றது. கூடுதலாகச் சேர்ந்தது மெல்ல மெல்ல கடலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் போனது; மிச்சத்தைப் புதைபடிவக் கார்பன் நீர்க்கவைத்தது. 2021 வாக்கில் வட அரைக்கோளக் காற்று தொழிற்புரட்சிக்கு முந்தைய விகிதத்துக்கே திரும்பி வந்துவிட்டது. தற்செயலான சமன் இது: குண்டு கூட்டியதும் எரிபொருள் குறைத்ததும் ஒன்றுக்கொன்று கழிந்துபோய் நிற்கிற தருணம். இனி இறங்குமுகம்தான். அறுபதுகளில் பிறந்த மலைக்காரர் யாருடைய பல் எனாமலை எடுத்து ஆராய்ந்தாலும் அந்தக் குண்டுகளின் கணக்கு அதில் எழுதியிருக்கும்.

சரி, கணக்கு எப்படிப் போடுகிறார்கள்? சுத்தமான காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு கார்பன் டை ஆக்சைடு என்று வையுங்கள். அதில் ஒரு பங்கு டீசல் புகையைக் கலந்தால் கார்பன்-14 விகிதம் ஆயிரத்துக்கு 2.4 அளவு இறங்கும். ஆயிரத்துக்கு இரண்டு என்ற துல்லியத்தில் அளக்க முடிந்தால், பத்து லட்சத்தில் ஒரு பங்கு பழைய புகையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அர்த்தம். 

இதை நம் ஊருக்கு இறக்கிப் பார்ப்போம். டிசம்பர், ஜனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் உறைபனி விழும் இரவு. குளிர்ந்த காற்று கனம் கூடி, சரிவெல்லாம் வழிந்து, அடியில் தேங்குகிறது. மேலே ஒரு மூடி போட்டதுபோல் ஆகிவிடுகிறது. மண் விடும் மூச்சு, தேயிலைச் செடி விடும் மூச்சு, வீட்டு அடுப்பு, குளிர்காயப் போட்ட நெருப்பு, கடைசி பஸ்ஸின் டீசல் எல்லாம் அந்த மூடிக்கடியில். விடிகாலை நாலு மணிக்கு அளந்தால் 450 என்று வருவதாகவும், அதே நேரம் தொட்டபெட்டா உச்சியில் 425 என்று வருவதாகவும் வைத்துக்கொள்வோம். (கணக்குக்காக நான் போட்ட எண்கள்; அளந்தவை அல்ல.) கூடுதல் 25. வாயுவின் அளவை மட்டும் பார்க்கிறவர், பள்ளத்தாக்கில் வாகனப் புகை எகிறிவிட்டது என்று அறிக்கை எழுதிவிடுவார். இப்போது கார்பன்-14ஐப் பார்க்கிறோம். உச்சியைவிட ஆயிரத்துக்கு 12 குறைவு. 450ஐ 12ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 5.4. அதாவது 25-ல் ஐந்து சொச்சம்தான் பெட்ரோல், டீசல், கேஸ். மீதி இருபதும் மண்ணும் செடியும் விறகும். ஒரே கூட்டல் கணக்கு, ஆனால் அறிக்கையே தலைகீழாகிவிடுகிறது.

நகரத்தைவிட மலையில் இந்த முறை அதிகம் தேவைப்படுவது இதனால்தான். சோலையும் தேயிலையும் பகலில் கார்பனை வாங்கி இரவில் விடுகின்றன. அந்தக் கொடுக்கல் வாங்கல் வாகனப் புகையைவிடப் பல மடங்கு பெரிது. பெரிய சந்தையின் இரைச்சலில் ஒருவன் முனகுவதைக் கேட்க வேண்டும். கார்பன்-14 சந்தையை வாயடைத்துவிடுகிறது.

காற்றை எந்த நேரத்தில் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். சார்லஸ் கீலிங் 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 315 சொச்சமாக இருந்தது. இப்போது ஆண்டுச் சராசரி 420ஐத் தாண்டிவிட்டது. அங்கே பகலில் அடிவாரக் காற்று மேலேறி வரும், இரவில் உயரத்துச் சுத்தக் காற்று கீழிறங்கும். இரவுக் காற்றைத்தான் உலகக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்க்க ஹவாய் போக வேண்டியதில்லை; குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் லேம்ஸ்ராக் முனை போதும். காலையில் கோவைச் சமவெளிக்கு மேல் பழுப்புப் புகைமூட்டம் ஒரு தட்டாகப் படுத்திருக்கும், அதற்கு மேல் விளிம்பு வெட்டியதுபோல் நீலம். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் விளிம்பு கலங்கும். மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால் அந்த மூட்டம் மேட்டுப்பாளையம் தாண்டி, பள்ளத்தாக்கு வழியாக நம் காலடிக்கே ஏறி வந்திருக்கும். தொட்டபெட்டாவில் விடிகாலையில் பிடித்த குடுவையும் மத்தியானம் பிடித்த குடுவையும் இரண்டு வேறு ஊர்களின் காற்று.

குடுவை பிடிக்கும் வேலை நம் நாட்டில் நடக்காமல் இல்லை. கோவாவின் கேப் ராமாவில் 1993 முதலும், பிறகு லடாக்கின் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் ஆகிய இடங்களிலும் கார்பன் டை ஆக்சைடு முதலிய வாயுக்களுக்காகக் காற்று பிடித்திருக்கிறார்கள். 

குடுவை இல்லாமலும் ஒரு வழி உண்டு, செடியே குடுவை. 2004 கோடையில் அமெரிக்க ஆய்வாளர்கள் வட அமெரிக்கா முழுக்க மக்காச்சோள இலைகளைச் சேகரித்து கார்பன்-14 வரைபடமே போட்டார்கள். மேற்கு மலைப்பகுதிச் சோளத்தில் விகிதம் உயர்ந்திருந்தது, ஆலைகளும் நகரங்களும் நெருங்கிய கிழக்கில் தாழ்ந்திருந்தது. நியூசிலாந்தின் வெலிங்டனில் 2020 ஊரடங்கின்போது சாலையோரப் புல்லைக் கிள்ளிச் சோதித்தே வாகனக் கார்பன் சரிந்ததைக் காட்டினார்கள். மலைப்பாதை வெறிச்சோடி, கரடி பகலிலேயே ரோட்டைக் கடந்த அந்த ஏப்ரலை இங்கே யாரும் மறக்கவில்லை; பர்லியார் ஓரத்துப் புல்லும் அப்போது அதே கதையைத்தான் எழுதியிருக்கும். தேயிலைக் கொழுந்தைக் கிள்ளி அனுப்பினால் என்ன என்று உடனே தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கவாத்து செய்த செடி புதுத் துளிர் விடுவது வேரில் சேமித்த மாவுச்சத்தை எடுத்து. அந்தத் துளிரில் போன வருஷத்துக் காற்றும் கலந்திருக்கும். ஒரு பருவத்தோடு முடிகிற புல்தான் நேர்மையான சாட்சி. அப்புறம் செடி பகலில்தான் வாயுவை வாங்குகிறது. இரவில் தேங்கும் புகை அதன் ஏட்டில் ஏறாது.

இதுவரை சொன்னது ‘எவ்வளவு’ என்பதற்கான விடை. ‘எங்கிருந்து’ என்பது முற்றிலும் வேறு கேள்வி.

தெருவில் யாரோ கருவாடு வறுக்கிறார்கள். மூக்கைப் பிடிக்கிற வாசனை. எந்த வீடு? காற்று கிழக்கிலிருந்து வருகிறதா மேற்கிலிருந்தா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டில் நாலு துண்டு வறுத்தாலும், தெருக்கோடியில் கல்யாணப் பந்திக்கு வறுத்தாலும் நம் வாசலில் ஒரே நெடி வரலாம். தெரு குறுகலா, காற்று தேங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்தும் மாறும். வளிமண்டல மாதிரி (மாடல்) செய்வது இந்த விசாரணையைத்தான், கணினியில். அளந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களை விட்டு, காற்றின் பதிவுகளை வைத்துக் காலத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறார்கள். துகள்கள் எந்தெந்த ஊரின் தரையை எவ்வளவு நேரம் உரசின என்று பார்த்தால், அந்தக் குடுவைக் காற்றில் எந்த ஊருக்கு எவ்வளவு பங்கு என்று தெரிகிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் ஓட்டினால் துகள்கள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் மேற்குச் சரிவு வழியாகவும் அரபிக்கடலுக்குப் போய், தென் அரைக்கோளம் வரை பின்வாங்கும். வடகிழக்கில் ஓட்டினால் தமிழகச் சமவெளி, வங்கக்கடல், சில நாட்களில் வட இந்தியா. ஒரே மலை, ஆறு மாதத்துக்கொரு முறை அண்டை வீடு மாறுகிறது.

பிறகு கணக்கைத் திருப்பிப்போடுவார்கள். எந்த ஊரில் எவ்வளவு எரிகிறது என்று ஏற்கெனவே ஒரு பதிவேடு உண்டு. நிலக்கரி விற்பனை, பெட்ரோல் விற்பனை, மின் உற்பத்தி எல்லாம் கூட்டி எழுதியது. அந்தப் பதிவேட்டை நம்பினால் குடுவையில் என்ன வந்திருக்க வேண்டும் என்று மாதிரி சொல்லும். உண்மையில் வந்தது வேறாக இருந்தால், பதிவேட்டில் எந்த ஊர் எண்ணை எவ்வளவு திருத்தினால் இரண்டும் பொருந்தும் என்று தேடுவார்கள்.

பதிவேடு ஏன் தவறும் என்பதற்கு மலைப்பாதை நல்ல சாட்சி. நீலகிரிக்கு வருகிறவர்களில் பலர் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ டேங்க் நிரப்பிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். விற்பனைக் கணக்கில் அது கோவை மாவட்டத்துப் பெட்ரோல், எரிந்தது காட்டேரி வளைவில். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டதால் வண்டிகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. வண்டியை எண்ணுவது வேறு, இரண்டாவது கியரில் எத்தனை லிட்டர் குடித்தது என்பது வேறு. மலைக்கு எதற்கு இ-பாஸ் என்று முணுமுணுக்கிறவர்களிடமும், இ-பாஸ் வந்ததும் காற்று சுத்தமாகிவிட்டது என்கிறவர்களிடமும் எனக்கு ஒரே கேள்விதான்: அளந்தீர்களா?

நாடு என்ற அளவில் இது வேலை செய்யும் என்று காட்டியாகிவிட்டது. 2020-ல் சௌரிஷ் பாசுவும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுக் காற்றுக் குடுவைகளின் கார்பன்-14 அளவுகளை மாதிரியில் ஓட்டி, அந்நாட்டின் புதைபடிவக் கார்பன் வெளியேற்றம் 165.3 கோடி டன், மூன்று கோடி முன்பின்னாக, என்று கணித்தார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் மூன்று பதிவேடுகளையும்விட அது தெளிவாகவே அதிகம். அமெரிக்க அரசின் சொந்தக் கணக்கையும்விட அதிகம். தெருவாரியாகத் தனியே தயாரித்திருந்த வல்கன் என்ற விரிவான பதிவேட்டோடு மட்டும் பொருந்தியது. பொய் சொன்னார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை; பில்லைக் கூட்டியவர்களுக்குத் தப்பியது காற்றுக்குத் தப்பவில்லை. ஓசோனை அரிக்கும் சிஎஃப்சி-11 வாயு விஷயத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். உற்பத்தியே நின்றுவிட்டதாகக் கணக்கு சொன்ன காலத்தில், காற்றில் அது எதிர்பார்த்தபடி குறையவில்லை என்று 2018-ல் கண்டார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த அளவீட்டு நிலையங்களின் பதிவை மாதிரியில் பின்னோக்கி ஓட்டியபோது, அடுத்த ஆண்டே கிழக்குச் சீனாவின் இரண்டு மாகாணங்களைக் கைகாட்ட முடிந்தது.

ஆனால் அமெரிக்கச் சமவெளியில் செல்லுபடியாகிற மாதிரியை நீலகிரியில் அப்படியே போட்டால் உதைக்கும். உலக அளவு மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும். ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்பது வழக்கமான கட்டம். வடக்கே 11 முதல் 12 வரை, கிழக்கே 76 முதல் 77 வரை ஒரு கட்டம் போட்டுப் பாருங்கள். ஊட்டி, குன்னூர், கூடலூர், மேட்டுப்பாளையம், கல்பெட்டா, நிலம்பூர், குண்டல்பேட்டை எல்லாம் அதற்குள்; கோவை நகரும் தென்கிழக்கு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் சேர்த்து மாதிரிக்கு ஒரே உயரம், ஒரே காற்று. 2,637 மீட்டர் தொட்டபெட்டாவையும் கடல் மட்டத்துக்குச் சற்றே மேலிருக்கும் நிலம்பூரையும் சராசரி போட்டால் வருவது இரண்டுமில்லாத ஒரு மொட்டை மேடு. அந்த மேட்டில் காலை மூட்டம் கிடையாது, மத்தியானம் ஏறிவரும் காற்று கிடையாது, கேத்தியின் மூடி கிடையாது. லேம்ஸ்ராக்கில் நின்று கண்ணால் பார்ப்பது எதுவும் மாதிரிக்குத் தெரியாது. கட்டத்தைச் சில கிலோமீட்டருக்குச் சுருக்கினால் மலை மெல்லத் தலைகாட்டும். கணினிச் செலவும் சேர்ந்து ஏறும்.

கார்பன்-14 பக்கமும் சில வில்லங்கங்கள் உண்டு. அணு உலைகள் கார்பன்-14ஐ வெளிவிடுகின்றன. கனநீர் உலைகளில் அது கூடுதல், பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவே வரும். கல்பாக்கத்திலும் கர்நாடகத்தின் கைகாவிலும் இருப்பவை அந்த வகை. வடகிழக்குக் காற்று கல்பாக்கத்தைத் தடவிக்கொண்டு வரும் நாளில் அந்தச் சிறு கூடுதல், நிலக்கரி ஏற்படுத்திய குறைவை ஓரளவு ஈடுகட்டி மறைத்துவிடும். அதைத் தனியாகக் கழித்தாக வேண்டும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் வருகிற அந்தக் கார்பன் போன வருஷத்துக் காற்று. ஆகவே குடுவைக்கு எத்தனால் புகை விறகுப் புகைக்குச் சமம். பெட்ரோல் பங்கு மட்டுமே பழையது. இது குறையல்ல, சரியான கணக்குதான். நிலக்கரியா பெட்ரோலா கேஸா என்று மட்டும் கார்பன்-14 சொல்லாது, அதற்கு எல்லாம் ஒரே பூஜ்யம். அதைப் பிரிக்கக் கார்பன் மோனாக்சைடு, கார்பன்-13 (சிதையாத இன்னொரு கார்பன் வகை) என்று வேறு சாட்சிகளைக் கூப்பிட வேண்டும்.

கடைசி வில்லங்கம் நீலகிரிக்கே உரியது. ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் பக்கம் சாண்டிநல்லாவில், புல்வெளிகளுக்கு நடுவே சதுப்பு உண்டு. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த கருப்பு மண். நீலகிரியின் இந்தச் சதுப்புகளை வெட்டி கார்பன்-14ஆல் வயது பார்த்து, சோலையும் புல்வெளியும் மாறிமாறி ஆண்ட வரலாற்றை ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் 1993-ல் எழுதினார்கள். பிறகு அந்த வரலாறு 40,000 ஆண்டுகள் வரை நீண்டது. 40,000 ஆண்டு என்பது ஏழு அரை ஆயுள். அந்த அடுக்கில் மிஞ்சியிருக்கும் கார்பன்-14 நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இந்த மலையில் பள்ளத்தாக்கு அடிகள் எத்தனையோ, வாய்க்கால் வெட்டி நீர் வடித்து, கேரட்டும் உருளைக்கிழங்குமாக மாறிவிட்டன. நீர் வடிந்து காற்று புகுந்தால் சதுப்பு மண் மக்கத் தொடங்கும். மேலடுக்கு முதலில் மக்கும், அதில் இளைய கார்பன்தான் அதிகம். ஆழமாக வெட்ட வெட்ட வெளிவரும் வாயுவுக்கு வயது கூடிக்கொண்டே போகும். அடியடுக்கு வரை போய்விட்டால், பக்கத்தில் வைத்த குடுவை அந்த வாயுவையும் டீசல் கணக்கில்தான் எழுதும்.